எந்தப் பெட்டி பாடுது

சன்னாசி குடிக்காத மனுசன். புக்கிட் கெலாம் தோட்டத்தில் அது ஒரு பட்டம் மாதிரி. சம்பளம் போட்ட சாயங்காலம் லயத்து வீடுகளில் பாதி சம்சுச் சாராய வாடையில் கிடக்கும்போது அவன் மட்டும் குளித்து, விபூதி பூசி, வெளுத்த பனியனோடு மேசை முன்னால் உட்கார்ந்து ஈயம் உருக்கிக்கொண்டிருப்பான். குழாயடியில் பெண்கள் தங்கள் புருசன்மாரைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் நீலாவதி பக்கம் திரும்பி, நீ கொடுத்து வச்சவ என்பார்கள். நீலாவதி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள்.

அந்த ரப்பர் தோட்டம் மலேசியாவில், லிங்கி ஆற்றிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சன்னாசிக்கு ரப்பர் ஆலையில் வயர்மேன் வேலை. நீலாவதிக்குப் பால் எடுக்க ரப்பர் மரம் சீவுகிற வேலை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சன்னாசியின் பாட்டுப் பெட்டிதான் போகும். கடையில் வாங்கிய பெட்டி இல்லை. தகரத்தை வெட்டி, ஓட்டை போட்டு, செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி டிரான்ஸ்பார்மர் கட்டி, எல்லாம் அவன் கையால் செய்தது. அதற்குக் கேட்கிற கூலியும் பெரிதாக ஒன்றுமில்லை. நல்லா இருந்துச்சு சன்னாசி என்று யாராவது சொல்ல வேண்டும். அது போதும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு ஐசி உண்டு. சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, எட்டுக் காலோடு, செத்துப்போன பூச்சி மாதிரி இருக்கும். கேசட்டிலிருந்து வருகிற மெல்லிய சத்தத்தை முதலில் தாங்கிப் பெருக்குவது அதுதான் என்று சன்னாசி சொல்வான். அதை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், கழற்றி மாட்டுவதற்குத் தோதாக ஒரு சாக்கெட்டில் செருகியிருந்தான். 4558 என்று எழுதிய ஐசி ஒன்று, 5532 என்று எழுதியது ஒன்று, இன்னும் ஏதேதோ எண் போட்டவை. ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகினால் பாட்டு மாறிவிடும் என்பது அவன் நம்பிக்கை. ஒன்றில் நாதஸ்வரம் வறண்டு கேட்கும், இன்னொன்றில் ஈரமாகக் கேட்கும் என்பான். அதைச் சொல்கிறபோது அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல ஆகிவிடும். ஒருமுறை புது ஐசி மாட்டிக் கேட்டுவிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு நீலாவதிக்கு அவன்மேல் பிரியம்கூட வந்தது.

ஆனால் அவனுக்குத் தனியாகக் கேட்டால் பற்றாது. பக்கத்தில் ஒருத்தர் இருந்து ஆமாம் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் நீலாவதியை இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். ஒரு ஐசியைப் போட்டுக் காட்டினான். சுவிட்சை அணைத்து, உள்ளே தங்கின கரண்டு வடிகிற வரைக்கும் காத்திருந்து, அடுத்ததை மாட்டினான். எது நல்லா இருக்கு என்று கேட்டான். விடியற்காலையில் பெரட்டில் பேர் கொடுத்து, மரம் சீவி, மத்தியானம் பால் எடுத்து, விறகு பொறுக்கி, சமைத்து, களைத்துப்போய் உட்கார்ந்திருந்தவள், ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு என்றாள். அவன் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தான். அறைந்துவிட்டுத் திரும்பவும் போய்ப் பழைய ஐசியை மாட்டி, இப்பக் கேளு என்றான்.

அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். பாட்டைக் கேட்கக் கூடாது, அவன் முகத்தைக் கேட்க வேண்டும். எந்த ஐசிக்கு அவன் புருவம் தளர்கிறதோ அதுதான் நல்ல ஐசி. தெளிவா இருக்குங்க, ஈரமா இருக்குங்க, தவில் தனியாத் தெரியுதுங்க. இந்த வார்த்தைகளையே மாற்றி மாற்றிச் சொன்னாள். அதிலும் தப்பு வந்தது. ஏன் தெளிவா இருக்கு, எந்த எடத்துல தெளிவா இருக்கு என்று குடைவான். சொல்லத் தெரியாமல் முழிப்பாள். அப்போது அவன் எழுந்து, முதலில் கதவைச் சாத்துவான். பிறகு பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவான். பிறகுதான் அவளிடம் வருவான்.

லயத்து வீடுகளுக்கு நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறாயுசு சொல்வார்கள். ஆனால் சன்னாசியின் பாட்டு ஏறிவிட்டால் எதுவும் கேட்காது. வாசலில் கோரான் பலகை போட்டு விளையாடுகிற ஆம்பிளைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சன்னாசி ஐசி மாத்துறான்லா என்று சொல்லிவிட்டுக் காயை அடிப்பார்கள். அந்தத் தோட்டத்தில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. உரக்கப் பாட்டுக் கேட்டால், ஐசி மாத்துறான்.

ஈயம் உருக்குகிற சூட்டுக் கம்பியால் முழங்கைக்கு மேலே அவன் இழுத்த தழும்பு ஒன்று அவளுக்கு இருந்தது. ஐசியின் ஒரு முனையில் பிறை மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அது சாக்கெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக வர வேண்டும். அவள் ஒரு தடவை தலைகீழாகச் செருகிவிட்டாள். ஐசி கருகிப் புகை வந்தது. அதற்கு அந்தத் தழும்பு. வயிற்றில் தங்கின ஒன்று மூன்றாம் மாதமே போனது எதனால் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நர்சு மிஸ்ஸியிடம், வாளியோடு பள்ளத்தில் சறுக்கி விழுந்தேன் என்றாள். தோட்டத்தில் சறுக்கி விழுவதற்கு இடமா இல்லை.

எண்பத்தாறாம் வருஷம், மரமெல்லாம் இலை உதிர்த்து நின்ற வெயில் காலத்தில் அவளுடைய இடது காது போனது. திறந்த கையால் காதோடு சேர்த்து விழுந்த அடி. உள்ளே ஏதோ காகிதம் கிழிந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் சலம் வடிந்தது. பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வலி நின்ற பிறகும் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. ரப்பர்க் கொட்டைகள் வெயிலில் வெடிக்கிற காலம் வந்தபோதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. டப் டப்பென்று எங்கேயோ வெடிக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லாச் சத்தமும் வலது பக்கமே வந்தது. ஒரு நாள் செம்மண் பாதையில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டோ சைக்கிள் இடது பக்கமிருந்து வந்து உரசிக்கொண்டு போனது. மண்டோர் இறங்கி, செவுடா நீ என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சன்னாசிக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வானோ என்ற பயத்தில் அவளும் சொல்லவில்லை. பாட்டுக் கேட்க உட்காரவைக்கும்போது கழுத்தை லேசாகத் திருப்பி வலது காதை முன்னால் கொடுப்பாள். அவன் முகத்தைப் பார்ப்பாள். தெளிவா இருக்குங்க.

அவளுக்கு ஒரே தம்பி, முருகையா. அப்பா முன்னமே இல்லை; அம்மா போனபோது அவன் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற வயசு. அவள்தான் சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கினாள். இப்போது சிரம்பானுக்குப் பக்கத்தில் செனாவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்தான். மாமா மாமா என்று சன்னாசிமேல் அவனுக்கு உயிர். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து தானாகவே ஆம்ப்ளிபையர் கட்டுகிற மனுசன் வேறு எங்கே இருக்கிறான் என்று ஆலையில் கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்வானாம். கோலாலம்பூருக்குப் போகும்போதெல்லாம் ஜாலான் பாசார் கடைகளில் நுழைந்து மாமாவுக்கென்று ஐசி பொறுக்கி வருவான். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அந்த நாற்காலியில் ஒரு சாயங்காலம் உண்டு என்று நீலாவதிக்குத் தெரியும். ஆனால் அவன் முன்னால் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பாள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். சன்னாசி சொல்லியனுப்பி, சுவா பட்டணத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கணேசமூர்த்தியும் வந்திருந்தார். பருத்த உடம்பு, எதற்கும் சிரிக்கிற ஆள். வரும் வழியில் யாரோ சுட்ட காட்டுப்பன்னியில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நீலாவதி அதைக் கழுவி, மிளகும் இஞ்சியும் தட்டி, விறகடுப்பில் ஏற்றினாள். அடுத்த வீட்டுக்காரி பஞ்சாலை மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பின்வாசல் படியிலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் பெய்த மழைக்கு லயத்துத் தகரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

முன்னறையில் பேச்சு ஐசியைப் பற்றித்தான். முருகையா இந்தத் தடவை கொண்டுவந்த 5532 நிஜமான சரக்கு என்றும், பழைய 4558-க்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்றும் சன்னாசி சொல்லிக்கொண்டிருந்தான். கணேசமூர்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. மீட்டரில் வேண்டுமானால் வித்தியாசம் தெரியலாம், இந்தப் பெட்டியில், இந்தத் தகரக் கொட்டகையில், மனுசக் காதுக்குத் தெரியாது என்றார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நடுவில் ஒரு சேலையைக் கட்டுவோம், அந்தப் பக்கம் தங்கச்சி இருந்து மாத்தட்டும், எது மாட்டியிருக்குன்னு நீ இந்தப் பக்கமிருந்து சொல்லு.

நீலாவதியின் சேலையையே கட்டினார்கள். அவள் சேலைக்குப் பின்னால் மேசை முன் உட்கார்ந்தாள். பிறை வெட்டைப் பார்த்துச் செருகினாள். முதல் தடவை சன்னாசி சரியாகச் சொன்னான். இரண்டாவது தப்பு. மூன்றாவது தடவை அவள் ஐசியை மாற்றவே வேண்டாம் என்று கணேசமூர்த்தி எட்டிப் பார்த்துச் சைகை காட்டினார், பழையதே இருந்தது. சன்னாசி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது புதுசு, இந்த ஈரம் பழசுக்கு வராது என்றான். கணேசமூர்த்தி தொப்பை குலுங்கச் சிரித்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டொரு ஆம்பிளைகளும் சிரித்தார்கள். முருகையாகூட லேசாகச் சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

சன்னாசி சேலையைப் பிடுங்கி எறிந்தான். நான் காலையிலருந்து கேட்டு காது களைச்சுப் போச்சு, என் பொண்டாட்டியே சொல்லுவா என்றான். அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தானே மாற்றப் போனான். பழையதைப் பிடுங்கி அவசரமாகப் புதியதைச் செருகினான். சாக்கெட்டில் சரியாக உட்காராத ஐசியை அவன் கட்டைவிரலால் அழுத்தினான். அதில் ஒரு கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. சுவிட்சைப் போட்டான்.

நாதஸ்வரம் எழுந்தது. ஒரு ஐசிக்குள்ளேயே இரண்டு பெட்டிக்கும் தனித்தனி வழி உண்டு. மடங்கின கால் ஒரு வழியை அடைத்துவிட்டது. இடது பெட்டி மட்டும் பாடியது. வலது பெட்டி செத்துக் கிடந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் தலையை இடது பக்கம் திருப்பினார்கள். சன்னாசியும் திரும்பினான். அவன் புருவம் சுருங்கியதை நீலாவதி கண்டாள். அவன் வாயைத் திறக்குமுன்னே முந்திக்கொண்டாள்.

"இப்பத்தாங்க ரொம்பத் தெளிவா இருக்கு. ரெண்டு பக்கமும் நெறஞ்சு வருது."

கணேசமூர்த்தி மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். ஒரு பெட்டி செத்துக் கெடக்குது தங்கச்சி என்றார். வாசலிலும் சிரிப்பு. முருகையா மட்டும் சிரிக்கவில்லை. அவன் அக்காவின் கழுத்து திரும்பியிருந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எந்தப் பெட்டி பாடுது?"

அவள் இரண்டு பெட்டியையும் பார்த்தாள். பிறகு எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு வலது பெட்டியைக் காட்டினாள்.

முருகையா எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினான். அவளுடைய இடது பக்கம் வந்து குனிந்து, சோறு கேட்கிற குரலில் அக்கா என்றான். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்போது அவள் ரவிக்கைக் கை விலகி, அந்தச் சூட்டுத் தழும்பு நேராகவும் நீளமாகவும் தெரிந்தது. தினமும் அதே மாதிரிக் கம்பியைப் பிடிக்கிறவன் முருகையா. அதன் தடம் அவனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"காதுல என்னாக்கா ஆச்சு?"

"சலம் புடிச்சுதுடா. போன வருசம்."

"கையில?"

அவள் ரவிக்கைக் கையை இழுத்து மூடினாள். அவன் நிமிர்ந்து சன்னாசியைப் பார்த்தான். மாமா என்று ஆரம்பித்தான்.

சன்னாசிக்கு அந்த நேரம் அவன் கேள்விகூட உறைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்துவிட்டது ஒன்றுதான் அவன் மண்டையில் இருந்தது. என்னை அவமானப்படுத்தவே உக்காந்திருக்கியாடி என்று சொல்லிக்கொண்டே கொண்டையைப் பிடித்து அவளை நாற்காலியோடு கீழே இழுத்தான். கதவு திறந்து கிடந்தது. பாட்டு நின்றிருந்தது. முதல் அடி விழுந்த சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டது. அவன் அதையெல்லாம் மறந்துபோயிருந்தான். காலால் விலாவில் உதைத்தான். இன்னொரு தடவை உதைக்கத் தூக்கிய காலை முருகையா பிடித்து இழுத்தான்.

இரண்டு பேரும் மேசைமேல் விழுந்தார்கள். பெட்டி சரிந்து கவிழ்ந்தது, தகரம் நெளிந்தது, ஐசிகள் வைத்திருந்த மில்க் டின் உருண்டு தரையெல்லாம் கறுப்பாகச் சிதறியது. கணேசமூர்த்தி, டேய் விடுங்கடா, விடுங்கடா என்று சுவரோரம் ஒண்டினார். முருகையா இளவட்டம், மாமனைக் கீழே போட்டு மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்தது. அழுதுகொண்டே குத்தினான். என் அக்காளயா, என் அக்காளயா என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

சுவரோரம் நீலாவதியின் வேலைச் சாமான் கிடந்தது. வாளி, கோப்பை, மரம் சீவுகிற கத்தி. சன்னாசியின் கை துழாவியது, கத்தியைப் பிடித்தது. பால்மரத்துப் பட்டையைத் தாள்போல உரிக்க விடியுமுன் அவளே தீட்டி வைக்கிற கத்தி அது. முருகையா தடுக்கக் கையை நீட்டினான். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிக் கீறிக்கொண்டு போனது. முதலில் வெள்ளையாகத் திறந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. அவன் தன் கையையே வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். சன்னாசி அவனைத் தள்ளிவிட்டு எழுந்து மறுபடி ஓங்கினான்.

நீலாவதி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மேசைக்கடியில் அவன் கட்டி முடிக்காமல் வைத்திருந்த டிரான்ஸ்பார்மர் இருந்தது. இரும்பும் செம்புமாகக் குழவிக்கல் கனம். இரண்டு கையாலும் தூக்கி, கத்தி பிடித்த கையின்மேல் இறக்கினாள். எலும்பு முறிந்தது. கத்தி விழுந்தது. அவன் முழங்காலிட்டான். அவள் நிறுத்தவில்லை. தோளில் இறக்கினாள். கழுத்தெலும்பில் இறக்கினாள். நீலா, நீலா என்றான். அவள் மறுபடி தூக்கியபோது பஞ்சாலை பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். போதும்டி, செத்துருவான்டி என்று வலது காதில் சொன்னாள். நீலாவதி டிரான்ஸ்பார்மரை மெதுவாகக் கீழே வைத்தாள். அடுப்பில் கறி தீய்ந்து வீடெல்லாம் புகைந்தது.

தோட்டத்து லோரியில் இரண்டு பேரையும் எதிரெதிர்ப் பலகைகளில் உட்காரவைத்துப் போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீலாவதி தம்பியின் கையைத் தன் சேலையால் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனாள். அது மறைப்புக்குக் கட்டின சேலை. சன்னாசி வழி முழுக்கத் தலையைத் தொங்கப்போட்டு, மூக்கால் ரத்தம் ஒழுகிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய்விட்டது. அதற்குள் தோட்டத்துக் கோயில் தலைவர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான், ஊருக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று நினைப்பவர். மாமன் மச்சான் சண்டை, கண்ணாடி விழுந்து கை கிழிந்தது என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிவிடுவோம் என்றார். சன்னாசி அதைவிட ஒரு படி மேலே போய், மச்சான் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தான் என்று சொல்லிவிட்டான். கணேசமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சரியாத் தெரியல என்றார்.

போலீஸ் நிலையத்துக்கு லயத்து ஆட்களும் பஞ்சாலையும்கூட வந்திருந்தார்கள். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் நடுவயது மலாய்க்காரர். அவர் நீலாவதியைக் கேட்டார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் அவர் குரல் சரியாக விழவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"தியா புக்குல் சாயா" என்றாள். அவர் என்னை அடிப்பார். தமிழில் சொல்வதைவிட அது லேசாக இருந்தது. தாய்மொழியில் அந்த வார்த்தையைச் சுற்றி எத்தனையோ பேர் நின்று பார்ப்பது போலிருக்கும். மலாயில் அந்த வார்த்தை தனியாக நின்றது. காதைக் காட்டினாள். தழும்பைக் காட்டினாள். வயிற்றில் கை வைத்து அதையும் சொன்னாள். இன்றைக்கு அவர் கையை ஒடித்தது நான்தான், தம்பி இல்லை என்றும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். கோயில் தலைவர் தொண்டையைச் செருமினார். லயத்து ஆம்பிளைகள், பாட்டுச் சத்தம் பெருசா இருக்கும் ஐயா, எங்களுக்கு ஒண்ணும் கேக்காது என்றார்கள்.

பஞ்சாலை வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "பலகைக்கு அந்தப் பக்கம் அவ தலை, இந்தப் பக்கம் என் தலை. எத்தன பாட்டுப் போட்டாலும் பலக அதிரும்ல. எல்லா நாளும் கேட்டுச்சு. நான்தான் கேக்காத மாதிரி படுத்துக் கெடந்தேன்."

அவள் சொன்னதை மலாயில் மாற்றிச் சொல்ல யாரும் முன்வரவில்லை. நீலாவதியே மாற்றிச் சொன்னாள்.

காதுக்கு வழக்கு இல்லை. அது குடும்ப விஷயம் என்று விட்டுவிட்டார்கள். கத்திக்கு வழக்கு இருந்தது. சன்னாசி குற்றத்தை ஒத்துக்கொண்டு சில மாதம் உள்ளே போனான். நீலாவதியை எச்சரித்து அனுப்பினார்கள். போலீஸ் காலடி வைத்த வீட்டுக்காரன் வேண்டாமென்று தோட்டத்துத் துரை அவன் வேலையை எடுத்துவிட்டார். மரம் சீவ ஆள் பற்றாத காலம், அதனால் நீலாவதியை வைத்துக்கொண்டார்கள்; வீடு அவள் பெயருக்கு மாறியது. அந்த வருஷத் திருவிழாவுக்குச் சிரம்பானிலிருந்து வாடகைக்கு ஒலிபெருக்கி வந்தது.

முருகையாவின் வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. ஆலையில் நுணுக்க வேலையிலிருந்து எடுத்து, பெட்டி அடுக்குகிற பகுதிக்குப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வருவான். நெத்திலிச் சம்பலோடு சோற்றைப் பிசைய வராமல் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவான். நீலாவதி பார்க்காத மாதிரி பார்ப்பாள். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல? ஒவ்வொரு தடவையும் நான்தானே ஐசி வாங்கிட்டு வந்து குடுத்தேன். அடிக்கிறதுக்குக் கம்பு எடுத்துக் குடுத்த மாதிரி."

"நீ அவர மாமான்னு கூப்புடுறப்ப உன் மொகம் எப்படி இருக்கும் தெரியுமா?" என்றாள் நீலாவதி. "அப்பா இல்லாத புள்ள. அத எப்படிடா ஒங்கிட்டருந்து புடுங்குறது?"

"எனக்கு மாமன் வேணும்னு நீ காத குடுத்தியா?"

அவள் எழுந்து அவன் தட்டை இழுத்து, சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு வாங்கிக்கொண்டான். மென்றுகொண்டே அழுதான். அவள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள். சொல்லித் தீர்க்கிற கணக்கில்லை அது. அவன் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது தெரிந்தது.

தண்டனை முடிந்து சன்னாசி ஒரு மத்தியானம் சாமான் எடுக்க வந்தான். தனியாக வரக் கூடாது என்று போலீசில் சொல்லியிருந்ததால் கோயில் தலைவர் கூட வந்தார். முறிந்த கை கோணலாகக் கூடியிருந்தது. ஆள் இளைத்து, தாடி நரைத்திருந்தான். கெமாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை சொல்லியிருக்கிறார்கள் என்று தலைவர் சொன்னார். பிறகு, பழசையெல்லாம் மறந்து ரெண்டு பேரும் சேர்ந்தே போனா என்னம்மா, குடிக்காத மனுசன் என்று மெதுவாக இழுத்தார்.

நீலாவதி வாசற்படியில் நின்றாள். பஞ்சாலை தன் வீட்டு வாசலில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சாமான எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் நீலாவதி. "நான் வரல."

நெளிந்த தகரப் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், மீட்டர், அந்த டிரான்ஸ்பார்மர். எல்லாவற்றையும் லோரிக்காரனும் தலைவருமாகத் தூக்கினார்கள். சன்னாசி ஒரு கையால் மில்க் டின்னை எடுத்துக்கொண்டான். உள்ளே ஐசிகள் சலசலத்தன. சிதறினதையெல்லாம் நீலாவதியே பொறுக்கிப் போட்டு வைத்திருந்தாள். அவன் மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான். அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அந்த முகத்தைப் படிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் படியிறங்கி அவளைக் கடந்து போனான். இடது பக்கமாகப் போனான். போகிறபோது நின்று, லேசாகக் குனிந்து, ஏதோ சொன்னான். அவன் மூச்சு கழுத்தில் பட்டதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. அவன் கொஞ்ச நேரம் பதிலுக்கு நின்றுவிட்டு, லோரியில் ஏறிக்கொண்டான். லோரி செம்மண் பாதையில் திரும்பி ஆலைப் பக்கம் மறைந்தது.

பஞ்சாலைக்குக் கேட்டிருந்தது. அவள் முகம் மாறியிருந்தது. கோபமா, இரக்கமா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

"நீலா, அவன் என்னா சொன்னான்னா..."

"வேணாங்க்கா."

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நீலாவதி கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். பஞ்சாலையின் துணிகளையும் சேர்த்தே எடுத்தாள்.